கணக்கு சரி, வழி தவறு

கில்கித் நகரத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழை சுமார் 130 மில்லிமீட்டர். பாலைவனத்துக்குரிய அளவு அது. அந்த நகரத்தை அடுத்த டைன்யோரில் ஹுன்சா ஆற்றின் நீரோட்டத்தை 1960-களிலிருந்து அளந்து வருகிறார்கள். ஆற்றில் ஓராண்டில் ஓடும் மொத்த நீரையும் எடுத்து, அது வடிந்து வரும் சுமார் 13,700 சதுர கிலோமீட்டர் மலைப்பரப்பின் மேல் சமமாகப் பரப்பினால் 750 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். வானம் கொடுப்பது 130; ஆறு கொண்டுபோவது 750.

ஹுன்சாவின் நீர் போய்ச் சேரும் சிந்து நதியின் மேல்வடிநிலம் முழுவதிலும் இந்த முரண் ஏதோ ஓர் அளவில் உண்டு. கைலாய மலைக்கு அருகே திபெத்தில் தொடங்கி, லடாக் வழியாக ஸ்கர்துவைக் கடந்து, காரகோர மலைத்தொடரின் துணையாறுகளைச் சேர்த்துக்கொண்டு தர்பேலா அணைக்கு இறங்கும் நதி அது. அணைக்குக் கீழே இருப்பது உலகின் மிகப் பெரிய தொடர் பாசன அமைப்பு. ஏப்ரலில் பருத்தி விதைப்பவருக்கு ஜூலையில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்ல வேண்டுமானால், மேலே எவ்வளவு பனி கிடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வானிலை நிலையங்கள் பெரும்பாலும் மனிதர் வாழும் பள்ளத்தாக்குகளில் இருக்கின்றன. ஹுன்சா வடிநிலத்தின் சராசரி உயரமோ கடல் மட்டத்திலிருந்து நாலரை ஆயிரம் மீட்டருக்கும் மேல். குஞ்செராப் கணவாயில் சுமார் 4,700 மீட்டரில் ஒரு தானியங்கி நிலையம் உண்டு. அதற்கு மேலே ஏழாயிரம் மீட்டரைத் தாண்டும் சிகரங்கள் வரை அளப்பதற்கு ஆளும் இல்லை, கருவியும் இல்லை.

அப்படியானால் மிச்சமுள்ள அறுநூறு மில்லிமீட்டர் எங்கிருந்து வருகிறது? நெடுங்காலம் கைவசம் இருந்த பதில், பனியாறுகளிலிருந்து என்பது. கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கும். ஹுன்சா வடிநிலத்தில் ஏறத்தாழ கால் பங்கைப் பனியாறுகள் மூடியிருக்கின்றன. பத்தூரா, ஹிஸ்பர் ஒவ்வொன்றும் ஐம்பது கிலோமீட்டர் அளவில் நீளம். பழைய சேமிப்பை எடுத்து ஆறு செலவழிக்கிறது என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்?

ஒரு சாதாரண வகுத்தல் மறுக்கிறது. அறுநூறு மில்லிமீட்டர் பற்றாக்குறையைக் கால் பங்கு நிலத்தில் கிடக்கும் பனிக்கட்டி மட்டுமே ஈடுகட்ட வேண்டுமென்றால், அது ஆண்டுதோறும் இரண்டு மீட்டருக்கு மேல் மெலிந்தாக வேண்டும். பத்தாண்டில் இருபது மீட்டருக்கு மேல், அதாவது ஆறேழு மாடிக் கட்டடத்தின் உயரம். அவ்வளவு பெரிய இழப்பு வானிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பாது.

பார்த்தவர்கள் கண்டது வேறு. 2000 பிப்ரவரியில் என்டெவர் விண்ணோடம் பதினோரு நாள் பூமியைச் சுற்றி, நிலத்தின் உயரத்தை ரேடாரால் அளந்து வரைபடமாக்கியது. பிரான்சின் ஸ்பாட்-5 செயற்கைக்கோள் 2008-இல் எடுத்த இரட்டைப் படங்களிலிருந்து மத்திய காரகோரத்தின் உயரத்தை மறுபடி கணக்கிட்டு, இரண்டையும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 2012-இல் வெளிவந்த முடிவு: அந்தப் பனியாறுகள் மெலியவில்லை, ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில் தடித்திருக்கக்கூடும். பிழை வரம்பு இருபது சென்டிமீட்டருக்கு மேல் என்பதால் தடித்ததை அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அந்த ரேடார் அலை குளிர்ந்த உலர்பனிக்குள் சில மீட்டர் ஊடுருவிப் பொய் உயரம் காட்டக்கூடியது, அதையும் திருத்தியாக வேண்டும். எப்படித் திருத்தினாலும் ஆண்டுக்கு இரண்டு மீட்டர் இழப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. உலகின் மற்ற பனியாறுகள் சுருங்கிக்கொண்டிருந்த காலத்தில் காரகோரம் மட்டும் அசையாமல் இருந்ததை, அங்கே பல்லாண்டு களப்பணி செய்த கனடிய அறிஞர் கென்னத் ஹியூயிட் 2005-லேயே எழுதியிருந்தார்.

சேமிப்பு குறையவில்லை, செலவும் குறையவில்லை. ஆகவே வரவைத்தான் நாம் தவறாக எழுதி வைத்திருக்கிறோம். உச்சிகளில் விழும் வெண்பனி, பள்ளத்தாக்கு மழைமானிகள் காட்டுவதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். நெதர்லாந்தின் வால்டர் இம்மர்சீலும் கூட்டாளிகளும் 2015-இல் இந்தக் கேள்வியைத் தலைகீழாகக் கேட்டார்கள்: செயற்கைக்கோள் காட்டும் அளவில் இந்தப் பனியாறுகள் நிலைத்திருக்க வேண்டுமானால் அவற்றின் தலையில் எவ்வளவு பனி விழுந்தாக வேண்டும்? சில உயர்ந்த இடங்களில், அதுவரை நினைத்திருந்ததைப் போல் பத்து மடங்கு வரை என்று விடை வந்தது. ஆற்று நீரோட்டப் பதிவுகளும் அதற்கு ஒத்துப்போயின.

அதற்கு முப்பது ஆண்டு முன்பே, 1980-களின் நடுவில், ஹியூயிட்டின் கனடா-பாகிஸ்தான் குழு பியாஃபோ பனியாற்றின் மேல்பகுதியில் குழி தோண்டி, ஆண்டு அடுக்குகளை எண்ணிப் பார்த்திருந்தது. சுமார் ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் ஆண்டுக்கு ஒரு மீட்டர் நீருக்கு மேல் சமமான பனி விழுவதை அவர்கள் கண்டார்கள். மண்வெட்டி சொன்னது வானத்திலிருந்து உறுதிப்பட இத்தனை காலம் பிடித்தது. கையில் இருந்த தரவை, ஆற்று நீரைக் கணினி மாதிரிகளால் கணிப்பவர்கள் போதிய அளவு மதிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு பெரிய பிழையை வைத்துக்கொண்டு கணினி மாதிரிகள் எப்படி ஓடின? நன்றாகவே ஓடின என்பதுதான் இந்த விஷயத்தில் கவலைக்குரியது.

நீரியல் மாதிரியில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மலையைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் அன்றன்றைய மழையும் வெப்பநிலையும் ஊட்டப்படும். குளிராக இருந்தால் விழுவது பனியாகச் சேரும்; வெப்பம் பூஜ்ஜியத்தைத் தாண்டினால் சேர்ந்தது உருகும். எவ்வளவு உருகும் என்பதற்கு மிக எளிய விதி ஒன்று உண்டு: பூஜ்ஜியத்துக்கு மேலே ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நாளொன்றுக்கு இத்தனை மில்லிமீட்டர். வெண்பனிக்கு அந்த எண் ஏறத்தாழ 3 முதல் 6 வரை. தூசு படிந்த வெற்றுப் பனிக்கட்டி சூரிய ஒளியை அதிகம் உறிஞ்சுவதால் அதற்கு இன்னும் அதிகம். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த யாரோஸ்லாவ் மார்டினெக் 1975-இல் முன்வைத்த பனியுருகல் மாதிரி இந்த விதியின் மேல்தான் நிற்கிறது. இன்றும் இமயத்தில் பலர் பயன்படுத்துவது அதைத்தான். உருகிய நீரில் மண் குடித்ததும் காற்று குடித்ததும் போக மிச்சம் ஆற்றுக்கு வரும்.

சிக்கல், விதிக்குள் இருக்கும் எண்களில். உருகல் எண் 4-ஆ, 5-ஆ? ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை எவ்வளவு குறையும்? 6.5 டிகிரி என்பது பாடநூல் சொல்வது. அதில் ஒரு டிகிரி பிசகினாலும், பள்ளத்தாக்கு நிலையத்துக்கு மூவாயிரம் மீட்டர் மேலே மூன்று டிகிரி பிசகிவிடும். உயர உயரப் பனிப்பொழிவு எவ்வளவு கூடும்? ஆவியாவது எவ்வளவு? இவற்றை நேரில் அளக்க வழியில்லாததால், மாதிரி காட்டும் நீரோட்டம் டைன்யோரில் அளந்த நீரோட்டத்தோடு பொருந்தும்வரை எண்களை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஒரு கட்டத்தில் இரண்டு கோடுகளும் அழகாக ஒன்றின் மேல் ஒன்று படியும். ஆய்வுக் கட்டுரையும் அச்சேறும்.

மாதக் கடைசியில் கல்லாவின் இருப்பை மட்டும் எண்ணிப் பார்க்கும் கடை முதலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். வரவில் ஆயிரம் குறைத்து, செலவிலும் ஆயிரம் குறைத்துக் கணக்குப்பிள்ளை எழுதியிருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? இருப்பு இடிக்காது. மாதிரியும் இதைத்தான் செய்தது. பனிப்பொழிவைக் குறைத்து எழுதியது. பனியாற்றை அதிகம் உருக்கி அதை ஈடுகட்டியது. ஆறு சரியாக ஓடியது. இப்படி ஒரே நீரோட்டத்தைத் தரக்கூடிய எண் கூட்டங்கள் ஒன்றல்ல, ஏராளம் என்பதை இங்கிலாந்தின் கீத் பெவன் 1990-களிலிருந்து விடாமல் வலியுறுத்தி வந்தார். விடை சரியாக இருந்தால் போதாது, சரியான காரணத்தால் அது வந்திருக்க வேண்டும் என்று ஜேம்ஸ் கிர்ச்னர் 2006-இல் தனிக் கட்டுரையே எழுதினார்.

ஆறு சரியாக ஓடும்வரை உள்ளே எப்படி இருந்தால் என்ன என்று கேட்கலாம். இன்றைய நீரோட்டத்துக்கு ஒன்றுமில்லைதான். நாளைய நீரோட்டத்துக்கு எல்லாமே அதில் இருக்கிறது. நதி பழைய பனிக்கட்டியைத் தின்று ஓடுகிறது என்று மாதிரி நம்பினால், புவி சூடாகச் சூடாக நீர் கொஞ்ச காலம் பெருகிப் பின்னர் வற்றும் என்று சொல்லும். ஆண்டுதோறும் விழும் பனியால் ஓடுகிறது என்று நம்பினால், மத்தியதரைக் கடல் பக்கமிருந்து குளிர்காலத்தில் வரும் புயல்களின் போக்கைப் பார் என்று சொல்லும். இரண்டும் வேறு வேறு எதிர்காலங்கள். மேல் சிந்துவின் நீரில் ஏறத்தாழ 40 சதவீதம் பனியாற்று உருகல் என்று 2014-இல் ஓர் ஆய்வு கணித்தது. பருவப் பனியின் பங்கே பெரிது, பனியாற்றின் பங்கு அதைவிடச் சிறிது என்று வேறு ஆய்வுகள் பின்னர் கணித்தன. பனியாற்றின் முதுகில் விழுந்த புதுப்பனியை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற வரையறைச் சண்டையும் இதில் கலந்திருக்கிறது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் வேற்றுமை சிறிதல்ல.

துணையாறுகளுக்குள்ளேயே குணம் வேறுபடுகிறது. அஸ்தோர் ஆறு கடந்த குளிர்காலத்துப் பனியை நம்பி ஓடுவது. ஹுன்சா அந்தந்தக் கோடையின் வெயிலை நம்பி ஓடுவது. மேகம் மூடிக் குளிர்ந்த கோடையில் ஹுன்சாவில் நீர் குறையும். மழை மேகத்தைக் கண்டால் அங்கே ஆறு இளைக்கும்! பிரிட்டன் நீரியலாளர் டேவிட் ஆர்ச்சர் நீண்டகாலப் பதிவுகளிலிருந்து இதை எடுத்துக் காட்டினார். இரண்டு ஆறுகளுக்கும் ஒரே எண்ணைப் போட்டு மாதிரியை ஓட்டினால் சராசரி சரியாக வரும். பஞ்ச ஆண்டில் கைவிட்டுவிடும்.

இந்த இடத்தில்தான் செயற்கைக்கோள் உண்மையாக உதவுகிறது. கூடுதல் தரவு தருவது அதன் பெரிய பயன் என்று பலரும் எழுதுகிறார்கள். மாதிரியின் வயிற்றுக்குள் நடப்பதைத் தனித்தனியாகச் சோதிக்கச் சாட்சிகளைத் தருவது அதைவிடப் பெரியது என்பேன். நீரோட்டம் ஒரே ஒரு சாட்சி. பனி மூடிய பரப்பு இரண்டாவது. பனியாற்றின் எடை மூன்றாவது. மலையின் மொத்த நீர்ச்சுமை நான்காவது. ஒரு பொய்யை நான்கு சாட்சிகளுக்கும் பொருந்தச் சொல்வது கடினம்.

பரப்பை அளப்பதுதான் மிகப் பழைய வித்தை. 1960 ஏப்ரலில் ஏவப்பட்ட முதல் வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ்-1 அனுப்பிய படங்களிலேயே கிழக்குக் கனடாவின் பனி தெரிந்தது. 1966-இல் அமெரிக்கா வாராவாரம் வட அரைக்கோளத்தின் பனி வரைபடம் வரையத் தொடங்கியது. ஆல்பர்ட் ராங்கோவும் வேறு இருவரும் 1977-இல் சிந்துவையும் காபூல் ஆற்றையும் எடுத்துக்கொண்டு, வசந்தத் தொடக்கத்தில் பனி மூடிய பரப்பைப் பார்த்தே அடுத்து வரும் மாதங்களின் நீரோட்டத்தை ஓரளவு முன்னுரைக்கலாம் என்று காட்டினார்கள். ஹைதராபாத்திலிருந்த நமது தேசியத் தொலையுணர்வு முகமை 1980-களில் இதே வழியில் பக்ரா அணைக்கு வரும் சட்லஜின் பனியுருகல் நீரைக் கணித்துத் தந்தது. சட்லஜ் வடிநிலத்தின் பெரும்பகுதி திபெத்தில் இருக்கிறது. அங்கே போய் மழைமானி வைக்க நமக்கு வழியில்லை. எல்லைக் கோட்டைச் செயற்கைக்கோள் பார்ப்பதில்லை என்பது, நதிகளைப் பங்கிட்டுக்கொண்டு தரவுகளை மறைத்துக்கொள்ளும் நாடுகள் நிறைந்த இந்தப் பகுதியில் சின்ன வசதி அல்ல.

1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ராவும் 2002-இல் ஏவப்பட்ட அக்வாவும் சுமந்து சென்ற மோடிஸ் கருவி, 500 மீட்டர் பிக்சலில் அன்றாடம் பனி வரைபடம் தரத் தொடங்கியதும் இத்துறையின் முகமே மாறியது. மேகமும் வெள்ளை, பனியும் வெள்ளை, பிரிப்பது எப்படி? கண்ணுக்குத் தெரியும் பச்சை ஒளியில் இரண்டுமே பளிச்சென்று இருக்கும். 1.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பில் மேகம் வெள்ளையாகவே இருக்க, பனி மட்டும் கறுத்துப்போகும். இரண்டு ஒளியின் வேற்றுமையை எடுத்தால் பனி தனியே பிரிந்து வரும். (அக்வாவில் இந்த அகச்சிவப்பு உணரிகளில் பெரும்பாலானவை பழுதாகிவிட்டன, பக்கத்து அலைநீளத்தைக் கொண்டு ஒப்பேற்றினார்கள்.) மேகத்தைப் பிரித்துச் சொல்ல முடியுமே தவிர, மேகத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. காலையில் டெர்ராவும் பிற்பகலில் அக்வாவும் கடப்பதால், நடுவே மேகம் நகர்ந்திருந்தால் ஓட்டை கொஞ்சம் அடைபடும். மிச்சத்தை முந்தைய பிந்தைய நாட்களின் படங்களைக் கொண்டு ஊகிக்கிறார்கள்.

பரப்பு தெரிந்துவிட்டால் மட்டும் நீரின் அளவு தெரிந்துவிடாது. ஒரு விரற்கடை பனியும் வெள்ளை, ஓராள் உயரப் பனியும் வெள்ளை. விவசாயிக்கும் அணைப் பொறியாளருக்கும் வேண்டியது, அது உருகினால் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் என்பது. இதற்கு நீரியலாளர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. கிடக்கும் பனியின் ஆழத்தை அளக்க முடியவில்லை என்றால், அது காணாமல் போகும் நாளைக் குறித்துக்கொள் என்கிறார்கள்.

ஏப்ரல் முதல் தேதி இரண்டு சரிவுகள் பனி மூடிக் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் மே நடுவிலேயே தரை தெரிந்துவிட்டது. மற்றதில் ஜூலை வரை வெள்ளை நீடித்தது. ஒவ்வொரு நாளும் அந்தச் சரிவில் எவ்வளவு வெப்பம் இறங்கியது என்பது ஓரளவு கணக்கிடக்கூடியது; சரிவின் திசை, சூரியனின் உயரம், காற்றின் வெப்பநிலை எல்லாம் கைக்குக் கிடைப்பவை. பூஜ்ஜியத்துக்கு மேலான வெப்பத்தை நாள்தோறும் கூட்டினால் முதல் சரிவுக்கு 50 என்றும் இரண்டாவதற்கு 200 என்றும் வந்தால், டிகிரிக்கு 4 மில்லிமீட்டர் என்ற உருகல் எண்ணில் முதலாவதில் 200 மில்லிமீட்டர் நீரும் இரண்டாவதில் 800 மில்லிமீட்டர் நீரும் பனியாகக் கிடந்திருக்க வேண்டும். பனியின் ஆயுளை வைத்து அதன் ஆழத்தைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்கும் முறை இது. 1980-களின் தொடக்கத்திலேயே மார்டினெக்கும் ராங்கோவும் இதைச் செய்து பார்த்தார்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஸ்டீவன் மார்குலிஸ் குழு லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படங்களையும் மோடிஸ் படங்களையும் கோத்து, ஆசியாவின் உயர்மலைகள் முழுவதற்கும் பதினெட்டு ஆண்டுகளின் பனியை இப்படித் திரும்பக் கட்டி 2021-இல் வெளியிட்டது. காரகோரம், இமயம், பாமீர், தியான்ஷான் எல்லாம் சேர்த்து, ஆண்டின் உச்சத்தில் பருவப் பனியாகக் கிடக்கும் நீர் சராசரியாகச் சுமார் 160 கன கிலோமீட்டர் என்பது அவர்கள் கணக்கு.

இந்த முறையின் பலவீனம் அதன் பிறவியிலேயே இருக்கிறது. பனி முழுதும் உருகிய பிறகே அது எவ்வளவு இருந்தது என்று தெரியவரும். இந்த ஆண்டு விதைப்பவருக்கு இந்த ஆண்டின் விடை கிடைக்காது. மாதிரியைத் திருத்துவதற்குச் சென்ற ஆண்டுகளின் விடை கிடைக்கும். வறண்ட குளிர்காற்றில் பனி உருகாமலேயே நேராக ஆவியாகிப் போவதும், பனிச்சரிவாக இறங்கி வேறொரு பள்ளத்தில் குவிவதும் இந்தக் கணக்கைக் குழப்பும். ஆண்டு முழுக்கக் கரையாத உச்சிப் பனிக்கோ இம்முறை பயன்படாது. அங்கே பனியாற்றின் உயர மாற்றம்தான் கைகொடுக்கிறது. ஹுன்சாவின் புதிரை அவிழ்த்ததும் அதுதான்.

உருகும்வரை காத்திராமல் நேராகவே அளக்கும் முயற்சியும் 1970-களிலிருந்து நடக்கிறது. தரை இயல்பாகவே நுண்ணலைகளை உமிழ்கிறது. பனித் துகள்கள் 37 கிகாஹெர்ட்ஸ் அலையை அதிகமாகவும், 19 கிகாஹெர்ட்ஸ் அலையைக் குறைவாகவும் சிதறடிக்கின்றன. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை கூடக் கூடப் பனி அதிகம் என்று பொருள். மேகமும் இரவும் இதற்குத் தடையில்லை. கனடாவின் சமவெளிகளிலும் சைபீரியாவிலும் இது ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. காரகோரத்தில் அநேகமாகத் தோல்வி. நீரளவு 150 மில்லிமீட்டரைத் தாண்டியதும் சைகை அதன் உச்சத்தைத் தொட்டுவிடும், அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் ஒரே எண்தான். பனி சற்று ஈரமானாலும் கருவி குருடாகிவிடும். ஒரு பிக்சல் 25 கிலோமீட்டர்; அதற்குள் ஒரு பள்ளத்தாக்கும் இரண்டு சிகரங்களும் அடங்கிவிடும். உலகப் பனி வரைபடங்களில் மலைப்பகுதிகளைப் பலர் வெறுமையாகவே விட்டுவிடுவதற்குக் காரணம் இதுதான்.

ரேடார் வேறு வகையில் உதவுகிறது. உலர்ந்த பனியை ஊடுருவிச் செல்லும் ரேடார் அலை, ஈரப்பனியில் உறிஞ்சப்பட்டுவிடும். திரும்பி வரும் எதிரொலி சட்டென்று மங்கும். 2014 முதல் பறக்கும் ஐரோப்பாவின் சென்டினல்-1 படங்களில் இந்த மங்கலைத் தொடர்ந்து பார்த்தால், உருகும் கோடு வசந்தத்தில் மலைமேல் ஏறுவதை வாரக்கணக்கில் பின்தொடரலாம். மாதிரி உருகல் தொடங்கிவிட்டது என்று சொல்லும் நாளும் இதுவும் ஒத்துப்போகவில்லை என்றால், வெப்பநிலைக் கணக்கில்தான் முதலில் கை வைக்க வேண்டும்.

நான்காவது சாட்சி எல்லாவற்றையும் விட விசித்திரமானது. 2002 மார்ச்சில் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் பூமியைப் பார்க்கவே இல்லை. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தன. கீழே நீரோ பனியோ கூடினால் அங்கே ஈர்ப்பு சற்றே வலுக்கும். முன்னால் போவது முதலில் இழுபடும், இடைவெளி சில மைக்ரோமீட்டர் மாறும். அந்த மாற்றத்திலிருந்து மாதந்தோறும் நிலத்தின் நீர்ச்சுமையைக் கணித்தார்கள். 2017-இல் அவை ஓய்ந்தன. 2018 மே மாதம் அடுத்த இணை ஏறியது. பனி, மண்ணீர், நிலத்தடி நீர், பனியாறு அனைத்தும் சேர்ந்த மொத்த எடை என்பதால், மாதிரி எங்கேயோ நீரை ஒளித்து வைத்திருந்தால் இது காட்டிக்கொடுத்துவிடும்.

மேல் சிந்துவுக்கு இதைப் பயன்படுத்துவதில் ஓர் இடைஞ்சல் உண்டு. கிரேஸின் பார்வை முந்நூறு கிலோமீட்டர் அளவுக்கு மங்கலானது. மலைக்குத் தெற்கே பஞ்சாபும் ஹரியானாவும் ஆழ்துளைக் கிணறுகளால் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டிருக்கின்றன. ராஜஸ்தானையும் சேர்த்து அங்கே 2002 முதல் 2008 வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததை 2009-இல் வெளிப்படுத்தியதே இந்தக் கிரேஸ்தான். சமவெளியின் அந்த இழப்பு மலையின் கணக்கிலும் கசிந்து, பனியாறு கரைவது போலத் தோற்றம் தரும். கோதுமை வயலின் மோட்டாரைக் கழிக்காமல் காரகோரத்தின் எடையைச் சொல்ல முடியாது.

இத்தனை சாட்சிகளையும் மாதிரியோடு சேர்ப்பது எப்படி? ஒரு வழி, எண்களைத் திருத்தும்போது நீரோட்டத்தோடு பனிப்பரப்பும் பனியாற்று எடையும் பொருந்த வேண்டும் என்று நிபந்தனை போடுவது. அப்போது நீரோட்டப் பொருத்தம் முன்பைவிடச் சற்றே கெடக்கூடும். அதை இழப்பென்று நினைக்க வேண்டியதில்லை. கெட்டுப்போன அந்தச் சிறு பகுதி, பிழையால் பிழையை மறைத்துப் பெற்றது. இன்னொரு வழி, மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்துவது. ஒரே மாதிரியைச் சற்றே வேறுபட்ட மழை, வெப்பநிலையோடு ஐம்பது, நூறு பிரதிகளாக ஓட்டுகிறார்கள். பிரதிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முரண்படுகின்றனவோ, அவ்வளவு மாதிரிக்குத் தன்மேல் நம்பிக்கை இல்லை. செயற்கைக்கோள் அளவீட்டுக்கும் ஒரு பிழை வரம்பு உண்டு. எந்தப் பக்கம் ஐயம் குறைவோ அந்தப் பக்கம் சாய்ந்து நடுவே ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு அடுத்த நாளுக்குப் போகிறார்கள். 1960-இல் ருடால்ஃப் கால்மன் வகுத்த கணித வடிகட்டியும், நார்வேயின் கெய்ர் ஈவன்சன் 1994-இல் அதைப் பல பிரதிகளுக்கு விரித்ததும் இந்த முறையின் அடிப்படை. யார் எவ்வளவு நம்பத்தக்கவர் என்பதை நேர்மையாக எழுதினால்தான் இது வேலை செய்யும். செயற்கைக்கோளை அளவுக்கு மீறி நம்பினால் ஒரு மேகப் பிழை அணையின் முன்னறிவிப்பையே சாய்த்துவிடும்.

மாதிரிக்குள் இல்லாத ஒன்றை எந்தத் தரவும் திருத்தாது. ஹுன்சா பள்ளத்தாக்கில் ஷிஷ்பர் பனியாறு திடீரென முன்னேறி, பக்கத்து ஓடையை மறித்து ஏரியாக்கியது. 2022 மே 7 அன்று அந்த ஏரி உடைத்துக்கொண்டு காரகோரம் நெடுஞ்சாலையின் ஹஸனாபாத் பாலத்தை அடித்துப் போனது. ஏரி வளர்வதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டிக்கொண்டுதான் இருந்தன. கட்டத்துக்குக் கட்டம் டிகிரிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று ஓடும் நீரோட்ட மாதிரிக்கோ அப்படி ஓர் ஏரி இருப்பதே தெரியாது.

காரகோரத்தின் அசையாமையும் முடிவுக்கு வருகிறது. உலகப் பனியாறுகள் அனைத்தையும் 2000 முதல் 2019 வரை அளந்து 2021-இல் வெளிவந்த ஆய்வு, கடைசி ஆண்டுகளில் அங்கேயும் மெலிவு தொடங்கியதைக் காட்டியது. நேற்றைய நிலைத்தன்மையை வைத்துத் திருத்திய மாதிரிகளை மறுபடி திருத்த வேண்டிவரும்.

இதற்கெல்லாம் செயற்கைக்கோள் வந்துவிட்டதே, மலைமேல் மழைமானி எதற்கு என்று நிதி ஒதுக்குவோர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். தவறான கேள்வி. பியாஃபோவில் தோண்டிய குழி இல்லாவிட்டால் பத்து மடங்கு என்ற கணிப்பை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். டைன்யோரின் நீர்ப்பதிவு இல்லாவிட்டால் புதிரே எழுந்திருக்காது. நாலாயிரம் மீட்டருக்கு மேலே ஒழுங்காக இயங்கும் பத்து நிலையங்கள் கூடுதலாகக் கிடைத்தால், அடுத்து வரும் ஒரு செயற்கைக்கோளைவிட அவை மேல் சிந்துவுக்கு அதிகம் செய்யும் என்பது என் கணிப்பு.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து ஏவிய நைசார் ரேடார், பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தை அளக்கிறது. அதன் நீண்ட அலை உலர்பனிக்குள் நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்பும்போது படும் சிறு தாமதத்திலிருந்து, பனியின் நீரளவு எவ்வளவு கூடியது என்று கணிக்க முயல்கிறார்கள். பலித்தால், உருகும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் குறையும். மோடிஸ் வரைபடங்களோ இன்றைக்கே இலவசம். நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் ஹுன்சாவைத் தேடி, ஏப்ரல் முதல் வாரத்தையும் ஆகஸ்ட் முதல் வாரத்தையும் மேகமில்லாத நாளாகப் பார்த்து ஒப்பிடுங்கள். சில ஆண்டுகளுக்கு அப்படிச் செய்து பார்த்தால் எந்த ஆண்டு பனி அதிகம், எது குறைவு என்று நீங்களே சொல்லிவிடலாம். எவ்வளவு நீர் என்று மட்டும் அந்தப் படத்தைக் கொண்டு சொல்லிவிடாதீர்கள்.